புதுச்சேரி என்ன தள்ளுபடிக் கடையா?

“பாண்டியில என்னப்பா பெருசா செலவு? சென்னை சம்பளம் எதுக்கு உனக்கு?”

டிசைன் படித்துவிட்டு புதுச்சேரியில் வேலை தேடுபவர்கள் இந்தக் கேள்வியிடமிருந்து தப்புவது கஷ்டம். கட்டிடக் கலை அலுவலகம், கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ, வெப்சைட் செய்து தரும் கம்பெனி, உள் அலங்காரம், ஆடை வடிவமைப்பு... எந்தப் பக்கம் போனாலும் சம்பளப் பேச்சு வரும்போது இதே பல்லவிதான். கேட்பவர் ரொம்ப நியாயமாகப் பேசுவதாகத்தான் தோன்றும். ஊர் சின்னது, வாடகை கம்மி, ஆபீசுக்கு சைக்கிளிலேயே போய்விடலாம், சாயங்காலம் கடற்கரை வேறு இலவசம்! இதற்கு மேல் என்ன வேண்டும்? படித்து முடித்த கையோடு வந்து நிற்கும் பிள்ளைகளும் “அதுவும் சரிதானே” என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அது சரியில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் கணக்கும் தப்பு, தர்க்கமும் தப்பு, நியாயமும் தப்பு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மலிவு என்பது உண்மைதான்

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. புதுச்சேரி, சென்னையைவிடவும் பெங்களூரைவிடவும் செலவு குறைந்த ஊர்தான். லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ முதலியார்பேட்டையிலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டின் வாடகையை சென்னை அடையாறு வாடகையோடு ஒப்பிட முடியாது. பெங்களூரில் அவுட்டர் ரிங் ரோட்டில் பஸ்ஸுக்குள் போகும் நேரத்தில் இங்கே முத்தியால்பேட்டையிலிருந்து உப்பளம் வரை நான்கு முறை போய் வந்துவிடலாம். யூனியன் பிரதேச வரி காரணமாக பெட்ரோல்கூட தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. (வேறு ஒன்றும் மலிவுதான். அதைச் சொல்லவே வேண்டாம், வாரக் கடைசியில் ஈசிஆரில் வரும் கார்களைப் பார்த்தாலே தெரியும்!)

ஆக, மலிவா இல்லையா என்பதில் சண்டையே இல்லை. எவ்வளவு மலிவு, அந்த மலிவு யாருக்குச் சேர வேண்டும் என்பதில்தான் சண்டை.

எவ்வளவு மலிவு? அரசாங்கமே கணக்குப் போட்டிருக்கிறது

தனியார் முதலாளிகள் வாய்க்கு வந்த சதவீதத்தைச் சொல்லலாம். ஆனால் ஊருக்கு ஊர் செலவு வித்தியாசத்தைச் சம்பளத்தில் எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே மிகப் பெரிய முதலாளி ஒருவர் பல வருடங்களாகப் பதில் வைத்திருக்கிறார். மத்திய அரசுதான் அந்த முதலாளி.

மத்திய அரசு ஊழியருக்கு நாடு முழுக்க ஒரே அடிப்படைச் சம்பளம். ஊருக்குத் தகுந்தபடி மாறுவது முக்கியமாக இரண்டே இரண்டு: வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி. வாடகைப்படிக்காக ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டும் எக்ஸ். புதுச்சேரி ஒய். கோவை, மதுரை, திருச்சி எல்லாம் இதே வகுப்புதான். மீதி ஊர்கள் இசட். 7வது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017 ஜூலையிலிருந்து இந்த மூன்றுக்கும் முறையே அடிப்படைச் சம்பளத்தில் 24, 16, 8 சதவீதம் வாடகைப்படி. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 2024 ஜனவரியிலிருந்து இது 30, 20, 10 ஆனது.

இப்போது கணக்கு. எளிதாக இருப்பதற்காக அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2024 ஜனவரி நிலவரப்படி, நடுத்தர நிலை ஊழியர் ஒருவருக்கு:

சென்னையில்: அடிப்படை 50,000 + அகவிலைப்படி 25,000 + வாடகைப்படி 15,000 + போக்குவரத்துப்படி 5,400 = 95,400 ரூபாய்.

புதுச்சேரியில்: அடிப்படை 50,000 + அகவிலைப்படி 25,000 + வாடகைப்படி 10,000 + போக்குவரத்துப்படி 2,700 = 87,700 ரூபாய்.

வித்தியாசம் 7,700 ரூபாய். அதாவது சுமார் 8 சதவீதம்!

நம்பிக்கை வரவில்லையென்றால் இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள். ஜிப்மரில் வேலை செய்யும் நர்ஸும், தபால்காரரும், மத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் புதுச்சேரியில் இருப்பதற்காக இழப்பது இந்த அளவுதான். “கடற்கரை பக்கத்தில இருக்கே, அடிப்படைச் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்” என்று எந்த ஊதியக் குழுவும் அவர்களிடம் சொன்னதில்லை.

அரசாங்கப் பட்டியல் வேதவாக்கு என்று யாரும் சொல்லவில்லை. அதிலும் வேடிக்கைகள் உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தின் கீழ் வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கணக்கிட சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்குக்கும் சம்பளத்தில் 50 சதவீதம், மற்ற எல்லா ஊருக்கும் 40 சதவீதம் என்று விதி இருந்தது. அதாவது வாடகை விஷயத்தில் பெங்களூரும் புதுச்சேரியும் ஒரே தட்டு! பெங்களூரில் வீடு தேடி அலைந்தவர்கள் இதைப் படித்து அழுதிருப்பார்கள்.

எனவே 8 சதவீதம் என்பது குறைவான மதிப்பீடாகவே இருக்கட்டும். இரண்டு மடங்காக்கினால் 16. மூன்று மடங்காக்கினால் 24. இவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுத்த பிறகும், “சென்னையில் தருவதில் பாதி தருகிறேன்” என்பவரின் கணக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவர் எந்தப் பட்டியலைப் பார்த்துப் பேசுகிறார்?

எது மலிவாகும், எது ஆகாது

அடுத்த தப்பு இன்னும் நுணுக்கமானது. “வாழ்க்கைச் செலவு 30 சதவீதம் குறைவு, அதனால் சம்பளமும் 30 சதவீதம் குறைவு. டாலி ஆகிவிட்டதே” என்பார்கள். ஆகவில்லை.

ஒரு மனிதனின் செலவில் இரண்டு வகை இருக்கிறது. ஊரோடு மாறும் செலவு ஒன்று: வாடகை, மெஸ் சாப்பாடு, முடிவெட்டும் கூலி, ஆட்டோ. ஊர் எதுவானாலும் மாறாத செலவு இன்னொன்று. டிசைனர்களுக்கு இந்த இரண்டாவது வகை மற்ற தொழில்காரர்களைவிட அதிகம்.

லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வரைகலை வேலைக்குத் தாங்கும் ஒரு மேக்புக்குக்கு நேரு வீதிக்கென்று தனி விலை இல்லை. வேகம் டேப்லெட், நிறம் சரியாகக் காட்டும் மானிட்டர், பேன்டோன் நிறப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இதே கதை. சாஃப்ட்வேர் இன்னும் மோசம். ஒருகாலத்தில் ஃபோட்டோஷாப்பை ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் ஓட்டலாம். 2013இல் அடோபி அந்த வழியை மூடி மாதச் சந்தாவுக்குப் போய்விட்டது. 2016இல் ஆட்டோகேடை விற்கும் ஆட்டோடெஸ்கும் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. அதாவது தொழிற்கருவிக்கு இன்று மாதம் மாதம் வாடகை. இந்த வாடகையில் எக்ஸ், ஒய், இசட் எல்லாம் கிடையாது!

கல்விக் கடனும் அப்படித்தான். பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு. என்.ஐ.டி., நிஃப்ட், தனியார் டிசைன் கல்லூரிகள் எதுவும் இனாமாகச் சொல்லித் தருவதில்லை. தவணை கேட்கும் பேங்க் மேனேஜர் “தம்பி இப்ப பாண்டியிலயா இருக்கீங்க? அப்ப பாதி கட்டினா போதும்” என்று சொல்வாரா?

இதைக் கணக்காகப் போட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். எண்கள் உதாரணத்துக்காக மட்டுமே, கணக்கின் போக்குதான் முக்கியம்.

சென்னையில் சம்பளம் 40,000. ஊரோடு மாறும் செலவு 25,000. மாறாத செலவு (கடன் தவணை, கருவி, சந்தா) 8,000. மிச்சம் 7,000.

புதுச்சேரியில் வாழ்க்கைச் செலவு 30 சதவீதம் குறைவு என்று வைத்தால் 17,500. மாறாத செலவு அதே 8,000. சம்பளத்தையும் 30 சதவீதம் குறைத்தால் 28,000. மிச்சம் 2,500.

7,000 எங்கே, 2,500 எங்கே! செலவு எவ்வளவு சதவீதம் குறைந்ததோ அதே அளவுதான் சம்பளத்தையும் குறைத்தோம் என்று “நியாயமாக” சொல்பவர்கூட, அந்தப் பையனின் சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டுவிட்டார். சேமிப்பு அதே 7,000 ஆக இருக்க வேண்டுமென்றால் சம்பளம் 32,500 இருக்க வேண்டும். அதாவது வெட்டு 19 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாதிச் சம்பளம் 20,000 என்றால்? மாதம் 5,500 ரூபாய் துண்டு விழும். அதை வீட்டில் அப்பாதான் அனுப்ப வேண்டும். கம்பெனிக்கு மானியம் தருவது அந்த அப்பா!

சேமிப்பு ஏன் அத்தனை முக்கியம்? சேமிப்பு மட்டும்தான் ஊரை விட்டு ஊர் போகும் பணம். தங்கைக்கு வாங்கும் தங்கத்துக்குப் பாண்டி விலை என்று தனியாக இல்லை. அம்மாவைப் பெரிய ஆபரேஷனுக்கு சென்னைக்கு அழைத்துப் போனால் ஆஸ்பத்திரி பில் சென்னை பில்தான். மேற்படிப்புக்கு மிலானோ லண்டனோ போக நினைத்தால் யூரோவும் பவுண்டும் இன்னும் கொடுமை. மலிவான ஊரில் வாழ்கிற அளவுக்கு மட்டும் சம்பளம் கொடுப்பது, “நீ கடைசி வரை இந்த ஊரில்தான் இருக்க வேண்டும்” என்று காலில் கயிறு கட்டுவதற்குச் சமம்.

இன்னொன்று. “மலிவான பாண்டி” என்று சொல்பவர்கள் எந்தப் பாண்டியைச் சொல்கிறார்கள்? கால்வாய்க்குக் கிழக்கே ஒயிட் டவுனில் எத்தனையோ பழைய வீடுகள் இன்று ஹோம்ஸ்டே, கஃபே, பூட்டிக். வாரக் கடைசியில் ஒரு ராத்திரிக்குக் கிடைக்கும் வாடகையைப் பார்த்த வீட்டுக்காரர் மாத வாடகைக்கு ஏன் ஆள் தேடப் போகிறார்? அந்த கஃபேக்கு லோகோ வரைந்ததும், மெனு கார்டு செய்ததும், உள்ளே நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்ததும் ஒரு டிசைனர். அவர் அந்தத் தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்க முடியாது. மூலக்குளம் தாண்டிப் போய்த்தான் வீடு தேட வேண்டும்.

உண்மைக் காரணம் வேறு

அப்படியானால் புதுச்சேரியில் டிசைன் சம்பளம் ஏன் குறைவு? அரிசி விலையா காரணம்?

அரிசியும் வாடகையும்தான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது என்றால் இந்தியாவிலேயே அதிகச் சம்பளம் மும்பையில்தான் இருக்க வேண்டும். வீட்டு வாடகையில் மும்பையை அடிக்க ஊர் இல்லை. ஆனால் செயலி, இணையதள வடிவமைப்பு வேலைகளுக்கு நல்ல சம்பளம் தேடுபவர்கள் போவது பெங்களூருக்கு. ஏன்? அங்கே ஐ.டி. கம்பெனிகளும் ஸ்டார்ட்-அப்களும் குவிந்து கிடக்கின்றன. ஒரு கம்பெனியில் பிடிக்கவில்லை என்றால் எதிர் கட்டிடத்தில் இன்னொன்று. ஆள் போய்விடுவார் என்ற பயத்தில் சம்பளம் ஏறுகிறது.

புதுச்சேரியில் எதிர் கட்டிடம் இல்லை. அவ்வளவுதான் ரகசியம்! நல்ல ஸ்டுடியோக்களை விரல் விட்டு எண்ணலாம். வேலையை விட்டால் அடுத்த வேலைக்கு 150 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டும். அப்பா அம்மா இங்கே, கல்யாணம் ஆகியிருந்தால் துணையின் வேலை இங்கே, குழந்தையின் பள்ளிக்கூடம் இங்கே. இது முதலாளிக்கும் தெரியும். சம்பளம் குறைவதற்குக் காரணம் அந்த மனிதரின் பேரம் பேசும் பலம் குறைவு என்பதுதான். அதை வெளிப்படையாகச் சொன்னால் அசிங்கமாக இருக்கும். அதனால் “செலவு கம்மி” என்று அக்கறை போலச் சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை வாய்ப்பு குறைவாக இருப்பதும் வாழ்க்கைச் செலவுதான். சென்னையில் வேலை போனால் ஒரு மாதத்தில் வேறு பார்க்கலாம் என்றால், இங்கே அதற்கு எத்தனை மாதமாகும்? அந்த மாதங்களுக்கான பணத்தையும் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் சின்ன ஊர் வேலைக்கு இதற்காகக் கொஞ்சம் கூட்டித்தான் தர வேண்டும்!

“அழகான ஊர், அமைதி, இதுவும் சம்பளம்தானே?”

அடுத்த வாதம் இது. ஆன்மிக பூமி, பிரெஞ்சுக் கட்டிடங்கள், பக்கத்தில் ஆரோவில். கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய் கோல்கொண்டேவை உதாரணம் காட்டுவார்கள்.

அந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டிடங்களில் ஒன்று. வடிவமைத்தவர் டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த அன்டோனின் ரேமண்ட். 1930களின் கடைசியில் அந்த வேலைக்காக அவர் அலுவலகத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. பிற்காலத்தில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற அதே நகாஷிமா. இங்கே ஆசிரமவாசியாகவே மாறி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்று, தமக்கு வந்துகொண்டிருந்த சம்பளமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பார்த்தீர்களா, அவ்வளவு பெரிய டிசைனரே பாண்டியில் சம்பளம் வாங்கவில்லை என்பார்கள். சரி. ஆனால் அவர் தங்கிய இடத்துக்கு வாடகை கேட்கப்பட்டதா? சாப்பாட்டுக்கு பில் வந்ததா? கல்விக் கடன் தவணை இருந்ததா? சம்பளத்தை அவரே மனம் விரும்பி விட்டார், யாரும் அவரிடம் பேரம் பேசிக் குறைக்கவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்களும் அந்த வேலையில் லாபம் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் எல்லோரும் சேவை செய்கிறார்கள் என்றால் அது ஆசிரமம். சேர்ந்த பிள்ளை மட்டும் சேவை செய்து, முதலாளி கார் மாற்றுகிறார் என்றால் அது கம்பெனி. பிரைவேட் லிமிடெட் என்று பதிவு செய்துகொண்டு ஆசிரம நியாயம் பேசக் கூடாது.

கடற்கரையை எந்தக் கம்பெனியும் கட்டவில்லை. மிஷன் வீதியின் அழகுக்கு எந்த ஸ்டுடியோவும் வாடகை கட்டவில்லை. ஊர்க்காரர்களின் சொத்தை ஊர்க்காரர்களுக்கே சம்பளமாக எழுதிக் கொடுப்பது என்ன கணக்கு?

பில் எந்த ஊர் ரேட்?

தள்ளுபடி பேசுபவர்கள் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. செய்த வேலை எந்த விலைக்கு விற்கப்படுகிறது?

1978இல் புதுச்சேரியில் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் தோல் பைகள் உலகச் சந்தைக்குப் போயின. புதுச்சேரியில் பிறந்த பை என்பதற்காக மும்பை மாலில் அதற்குத் தள்ளுபடி கேட்கிறவர் யாருமில்லை. இது அந்த நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக அல்ல. பெருமையாகவே சொல்லலாம், இந்த ஊரில் யோசித்துச் செய்த பொருள் உலக விலைக்குப் போகும் என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது ஒரு சென்னை ஏஜென்சியோ பெங்களூர் கம்பெனியோ இங்கே பத்து பேரை உட்கார வைக்கிறது. கிளையண்ட்டுக்குப் போகும் பில்லில் “வரைந்தவர் லாஸ்பேட்டையில் இருப்பதால் 40 சதவீதம் கழிவு” என்று ஒரு வரி இருக்குமா? டாலரில் பில் போடுபவர் அந்த வரியை எழுதுவாரா? மாட்டார். விற்கும்போது பெருநகர விலை, வாங்கும்போது சின்ன ஊர் விலை. நடுவில் இருக்கும் வித்தியாசம் யார் பையில் போகிறது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இது பாண்டிக்கு மட்டுமான சண்டையும் இல்லை. கொரோனா வந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்த 2020 மே மாதத்தில் ஃபேஸ்புக், மலிவான ஊருக்குக் குடிபோகும் ஊழியரின் சம்பளம் அந்த ஊருக்கு ஏற்ப மாற்றப்படும் என்று அறிவித்தது. அதே வருடம் அக்டோபரில் ரெடிட், அமெரிக்காவுக்குள் ஊர் வாரியாகச் சம்பளம் பிரிக்கும் முறையையே எடுத்துவிட்டது. பேஸ்கேம்ப் ஊழியர் எந்த ஊரில் இருந்தாலும் சான் ஃபிரான்சிஸ்கோ கணக்கில் சம்பளம் போட்டது. ஆக, ஊர் பார்த்துச் சம்பளம் கொடுப்பது இயற்கை விதி ஒன்றும் கிடையாது. அது ஒரு முடிவு. வேறு மாதிரியும் முடிவு எடுக்கலாம், எடுத்திருக்கிறார்கள்.

சொல்தாக்களிடம் கேளுங்கள்

ஊர் பார்த்துப் பணம் கொடுப்பதைப் பற்றிப் பேச புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இது சொல்தாக்களின் ஊர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டுத் திரும்பியவர்கள். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அப்படிப் பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்த சொல்தாக்களுக்குப் பிரான்ஸ் கணக்கில் பென்ஷன் வந்தது. “முத்தியால்பேட்டையில் கத்திரிக்காய் மலிவு” என்று பாரிஸ் அதைக் குறைக்கவில்லை.

ஆனால் ஆப்பிரிக்காவில் வேறு கதை. காலனிகள் விடுதலை அடையத் தொடங்கிய காலத்தில், 1959இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டு அந்த நாட்டுக் குடிமக்களாகிவிட்ட பழைய வீரர்களின் பென்ஷனை அன்றிருந்த தொகையிலேயே உறைய வைத்தது. அதே போர், அதே குண்டு, ஆனால் பென்ஷன் பல மடங்கு குறைவு. அமது தியோப் என்ற செனகல்காரரின் வழக்கில் 2001 நவம்பர் 30 அன்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. உடனே அரசு என்ன செய்தது? 2002இல் புதுச் சட்டம் கொண்டுவந்து, அவரவர் வசிக்கும் நாட்டின் விலைவாசிக்கு ஏற்பப் பென்ஷன் என்றது. கேட்டதுபோல இருக்கிறதா? “உங்க ஊர்ல செலவு கம்மி!”

2010 மே 28 அன்று பிரான்சின் அரசியல் சாசன மன்றம் இந்த வாதத்தைப் பிரித்துப் போட்டது. விலைவாசியைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று மன்றம் சொல்லவில்லை. அதன் கேள்வி வேறு. விலைவாசிதான் காரணம் என்றால் அதே வெளிநாட்டில் வசிக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அதே வெட்டு விழ வேண்டுமே, அவருக்கு மட்டும் ஏன் முழுத்தொகை? ஒரே ஊரில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் பொருந்தும் விலைவாசி என்ன விலைவாசி? இந்தப் பாகுபாடு செல்லாது என்றானது. 2011இலிருந்து தொகைகள் சமமாக்கப்பட்டன.

அந்தக் கேள்வியை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள். பெங்களூரிலிருந்து புதுச்சேரி கிளைக்கு மாற்றி அனுப்பப்படும் மேலாளரின் சம்பளத்தில் “பாண்டி வெட்டு” உண்டா? கிடையாது, தங்கும் செலவும் சேர்த்துக் கொடுப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் இங்கேயே தங்கும் டைரக்டருக்கு உண்டா? கிடையாது. உள்ளூர்ப் பிள்ளைக்கு மட்டும்தான் கத்திரிக்காய் மலிவு!

எதிர்த் தரப்புக்கும் பதில்

“சென்னை சம்பளம் கொடுத்தால் பாண்டிக்கு யாரும் வரவே மாட்டார்கள், இருக்கிற வேலையும் போய்விடும்” என்று பயமுறுத்துவார்கள். வராமல் எங்கே போவார்கள்? ஸ்டுடியோவுக்கு இங்கே இட வாடகை குறைவு. வேலைக்கு வந்தவர் ஆறு மாதத்தில் தாவிப் போகும் தொல்லை குறைவு. புது ஆளைத் தேடிப் பழக்கும் செலவு மிச்சம். இந்த லாபமெல்லாம் முதலாளிக்கே இருக்கட்டும். ஊழியரின் வாடகை மலிவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் கோரிக்கை.

எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதும் நியாயமில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ், ஃபிளெக்ஸ் பேனர் கடை, உள்ளூர்க் கடைகளுக்கு போர்டு செய்து தரும் சின்ன ஸ்டுடியோ ஆகியோரின் வருமானமே உள்ளூர் வருமானம். அவர்கள் உள்ளூர்க் கணக்கில்தான் சம்பளம் தர முடியும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கோபப்பட வேண்டியது வெளியூர் ரேட்டில் பில் போட்டு உள்ளூர் ரேட்டில் சம்பளம் போடுபவர்கள் மேல்தான்.

கையெழுத்துப் போடும் முன்

அடுத்த வருடம் படிப்பை முடித்து இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவது நல்லது. சண்டை போட வேண்டாம், மரியாதையாகவே கேட்கலாம்.

1. சார், இந்த வேலைக்குச் சென்னை, பெங்களூர் ஆபீசில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?

2. கிளையண்ட்டுக்கு பில் எந்த ஊர் ரேட்டில் போகிறது?

3. கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேர் சந்தாவும் கம்பெனி தருமா, சொந்தமாகக் கொண்டுவர வேண்டுமா?

4. வேறு ஊரிலிருந்து இங்கே மாறி வருபவர்களுக்கும் சம்பளம் குறையுமா?

நான்குக்கும் நேரான பதில் வந்தால் அது நல்ல இடம். சம்பளம் 10, 15 சதவீதம் குறைவாக இருந்தாலும் யோசிக்காமல் சேரலாம். “இதெல்லாம் எதுக்குப்பா கேக்குற” என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போனவர்கள் தங்கள் சம்பளத்தை அடுத்த வருடத்துப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். சம்பளத்தைச் சொல்வது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பதால் லாபம் யாருக்கு? வகுப்பில் ஒருவர் 15,000க்கும் பக்கத்து பெஞ்சுக்காரர் 25,000க்கும் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார், இருவருக்குமே தெரியாது. டிசைனர்களுக்கு ஊதியக் குழு கிடையாது, எக்ஸ் ஒய் இசட் பட்டியல் கிடையாது. ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான் அவர்களிடம் இருக்கும் பட்டியல்.

புதுச்சேரியின் மலிவு இங்கே வாழ்பவர்களுக்குச் சும்மா கிடைத்ததில்லை. குறைவான வேலைகள், குறைவான கம்பெனிகள், பெரிய வைத்தியத்துக்கும் பெரிய வேலைக்கும் சென்னை பஸ் ஏற வேண்டிய நிலைமை, இத்தனையையும் சகித்துக்கொண்டுதான் அந்தக் குறைந்த வாடகையில் இருக்கிறார்கள். அதனால் வரும் மிச்சம் அவர்களுடையது. அதைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் உரிமை எந்தக் கம்பெனிக்கும் இல்லை.